பேஸ் கிட்டார் பதிவு: கம்ப்ரஸர் பெட்டி வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மாரியம்மன் பண்டிகைப் பாட்டு, சர்ச் பாட்டு, கிராமியப் பாட்டு, ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கு, கன்னடப் பாட்டு என்று எல்லாமே ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன் வைத்த சின்ன அறையில் முடிந்துவிடுகிறது. இவர்களில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது, "விலை குறைவா எந்தக் கம்ப்ரஸர் வாங்கலாம்?" என்பதைத்தான். பலத்த ஒலியை அடக்கி, ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவிதான் கம்ப்ரஸர். கடையில் ஒரு பெடலை, அதாவது காலால் இயக்கும் சின்னப் பெட்டியை, காட்டுகிறார்கள். யூடியூபில் சட்டத்தில் பொருத்தும் ரேக் பெட்டியைப் புகழ்கிறார்கள். கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கி வருகிறார்கள். அதற்குப் பிறகும் பேஸ் பழையபடியே மேலும் கீழும் அலைகிறது, கூடவே 'ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் வெளியிட வேண்டுகிறேன்.

வீட்டில் பதிவு செய்பவருக்கு முதல் கம்ப்ரஸர், பதிவு மென்பொருளோடு சேர்ந்து கணினிக்குள் ஓடும் பிளக்-இன் என்ற சிறு மென்பொருள்தான். நல்லவை இலவசமாகவே கிடைக்கின்றன. கையில் இருக்கும் பணத்தைப் புது ஸ்ட்ரிங், நல்ல கேபிள், வீட்டு எர்த் ஆகியவற்றில் போடுங்கள். பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டேப்பில் பதிவு செய்த காலத்தில் உள்ளே போகும்போதே கம்ப்ரஸர் போட வேண்டியிருந்தது. மெல்லிய ஒலி டேப்பின் இரைச்சலில் மூழ்கிவிடும், பலத்த ஒலி டேப் தாங்கும் அளவைத் தாண்டிச் சிதைந்துவிடும். இன்று 24 பிட்டில் பதிவு செய்கிறோம். கணக்குப்படி அதன் வீச்சு 144 டெசிபல். விலை குறைந்த இன்டர்ஃபேஸ்கூட நடைமுறையில் 100 டெசிபலை ஒட்டிக் கொடுத்துவிடும். அதனால் பேஸை அப்படியே, மிகப் பலமாக அடிக்கும் ஸ்வரம் மீட்டரில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு செய்தால் எதுவும் கெடாது. பெடல் வழியாகக் கம்ப்ரஸ் செய்து பதிவு செய்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. பிளக்-இன் என்றால் நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிற காலத்தில் இந்த வசதிக்கு ஈடே கிடையாது.

கேபிளை இன்டர்ஃபேஸில் செருகியதும் 'இன்ஸ்ட்' என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். அப்போது உள்ளீட்டின் மின்தடை சுமார் 1 மெகா ஓம். 'லைன்' நிலையில் 10 கிலோ ஓம் அளவுதான் இருக்கும். பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் கிட்டாரை அதில் செருகினால் விரல் படும் ஓசை, மேல் ஸ்தாயி எல்லாம் மழுங்கிவிடும். இந்த மந்தமான ஒலியைத் திருத்தத்தான் பலர் கம்ப்ரஸர் தேடிப் போகிறார்கள். ஒரு பொத்தானில் முடிகிற காரியம் அது.

அடுத்து கிட்டாரையே பாருங்கள். ஒரு கம்பி மட்டும் பலமாகவும் இன்னொன்று மெலிந்தும் கேட்டால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் உயரம் சரியில்லை. கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2 முதல் 3 மில்லி மீட்டர் இடைவெளி வையுங்கள், தடித்த கம்பிப் பக்கம் சற்றுக் கூடுதலாக. ஸ்குரூவைக் கால் சுற்று மட்டும் திருப்பி, வாசித்துக் கேட்டு, மறுபடி திருப்ப வேண்டும். இதற்கு மேலும் ஜி கம்பியில் 5 முதல் 7-ஆவது ஃபிரெட் வரை எங்காவது ஒரு ஸ்வரம் சட்டென்று செத்துப்போனால், அது கழுத்துக் கட்டையின் அதிர்வால் வருவது. பல பேஸ் கிட்டார்களில் இந்தக் குறை உண்டு. கம்ப்ரஸர் அதை ஓரளவு மறைக்கும், முழுவதும் தீர்க்காது. அந்த ஸ்வரத்தை டி கம்பியில் வாசிப்பதே நல்லது.

இனி கம்ப்ரஸருக்கு வருவோம். ஒலி ஒரு வரம்பைத் தாண்டும்போது தாண்டிய பகுதியை மட்டும் அது சுருக்குகிறது. அந்த வரம்புதான் த்ரெஷோல்ட், சுருக்கும் அளவு ரேஷியோ. த்ரெஷோல்டை மைனஸ் 20 டெசிபலில் வைத்து, ஒரு ஸ்வரம் மைனஸ் 8-இல் வந்தால் அது 12 டெசிபல் தாண்டியிருக்கிறது. ரேஷியோ 4:1 என்றால் அந்த 12 என்பது 3 ஆகும். வெளியே வருவது மைனஸ் 17, அதாவது 9 டெசிபல் குறைந்திருக்கிறது. இந்த 9-ஐத்தான் 'கெயின் ரிடக்ஷன்' மீட்டர் காட்டும். பேஸுக்குப் பலத்த ஸ்வரங்களில் 4 முதல் 6 டெசிபல் குறைந்தால் பெரும்பாலும் போதும். தொடர்ந்து 10, 12 என்று காட்டினால் பாட்டுக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பேஸில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அட்டாக்கும் ரிலீஸும். ஒலி வரம்பைத் தாண்டியதும் சுருக்கத்துக்கு வர எடுக்கும் நேரம் அட்டாக், வரம்புக்குக் கீழே இறங்கியதும் சுருக்கத்தை விட எடுக்கும் நேரம் ரிலீஸ். நான்கு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலை முடியவே ஏறக்குறைய 24 மில்லி விநாடி ஆகிறது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கு 32 மில்லி விநாடி. அட்டாக்கை 1 மில்லி விநாடி, ரிலீஸை 10 அல்லது 20 மில்லி விநாடி என்று வைத்தால், கம்ப்ரஸர் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வோர் அலையின் மேட்டையும் பள்ளத்தையும் துரத்தத் தொடங்கும். அலையின் வடிவமே மாறும். கீழ் ஸ்வரங்களில் 'கர்ர்' என்று கேட்பது இதுதான். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றோ இன்டர்ஃபேஸ் பழுது என்றோ நினைத்துவிடாதீர்கள். ரிலீஸை 80 மில்லி விநாடிக்கு மேல் ஏற்றுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பாடும் குரலுக்கும் லீட் கிட்டாருக்கும் சரியாக இருக்கும் பிரீசெட் (முன்கூட்டியே வைத்த அளவுகள்) பேஸில் கெடுவதற்கும் இதே காரணம்தான்.

அளவு வைக்கும் முறையைச் சொல்கிறேன். பாட்டின் மிகப் பலமான பகுதியைச் சுற்றிச் சுற்றி ஓட விடுங்கள். ரேஷியோவை 10:1, அட்டாக்கை மிக மெதுவாக, ரிலீஸை 80 மில்லி விநாடி என்று வைத்து, மீட்டர் 10 டெசிபலுக்கு மேல் காட்டும்வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். ஒலி அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். மிகையாக வைத்தால்தான் காதுக்கு வித்தியாசம் பிடிபடும். இப்போது அட்டாக்கை மெல்ல வேகப்படுத்திக்கொண்டே வாருங்கள். விரல் படும் 'டக்' மழுங்கும் இடம் வரும். அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். விரலால் வாசித்த பேஸுக்கு இது பெரும்பாலும் 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் அமையும்.

பிறகு ரிலீஸ். அடுத்த ஸ்வரம் வருவதற்குள் மீட்டர் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். 100 டெம்போவில் (நிமிடத்துக்கு 100 அடி) ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 600 மில்லி விநாடி, அரை அடிக்கு 300. அரை அடிகளாக ஓடும் பேஸுக்கு 150 முதல் 200 வரை முயன்று பாருங்கள். ஒவ்வொரு பிளக்-இன்னும் இந்த நேரத்தை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஆகவே எண்ணைவிட மீட்டர் முள்ளை நம்புங்கள். முள் பாட்டின் தாளத்தோடு ஆட வேண்டும். எப்போதும் கீழேயே படுத்துக் கிடந்தால் ரிலீஸ் நீளம் அதிகம். இவை அமைந்த பிறகு ரேஷியோவை 4:1-க்கு இறக்கி, த்ரெஷோல்டை ஏற்றி, 4 முதல் 6 டெசிபல் குறைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியில் மேக்கப் கெயின், அதாவது சுருக்கியதில் குறைந்த சத்தத்தை மறுபடி ஏற்றுவது. கம்ப்ரஸரைப் போட்டும் எடுத்தும் கேட்கும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஒலித்தாலே காது அதை 'நல்லா இருக்கு' என்று ஏற்றுக்கொள்ளும். இந்தச் சமன் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் கடையில் கேட்ட பெடல் அற்புதமாகத் தெரிந்து வீட்டில் சாதாரணமாகிவிடுகிறது. 'ஆட்டோ மேக்கப்' இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எந்த பிளக்-இன்? ரீப்பர் மென்பொருளில் இருக்கும் ரீகாம்ப் ஒன்றே போதும். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கணினியில் ரீபிளக்ஸ் என்ற இலவசத் தொகுப்பாக ரீகாம்பை மட்டும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அட்டாக், ரிலீஸ், ரேஷியோ எல்லாம் எண்ணாகவே தெரிகின்றன, படிப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. அதில் கம்ப்ரஸரின் காதுக்கு, அதாவது அது ஒலியை அளக்கும் பாதைக்கு மட்டும், கீழ் ஒலிகளை வடிகட்டும் ஹை-பாஸ் வைக்கும் வசதியும் உண்டு. ஈ கம்பியைத் தொட்டாலே மொத்த ஒலியும் அமுங்குகிறது என்றால் அதை 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுங்கள். மாறாக ஈ கம்பிதான் அளவுக்கு மீறி முழங்குகிறது என்றால் அதை ஏற்றாதீர்கள், அந்த முழக்கத்தைத்தானே பிடிக்க வேண்டும்.

அதிகம் யோசிக்காமல் இரண்டு குமிழில் வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு கிளாங்ஹெல்ம் டிசி1ஏ. பழைய எல்ஏ-2ஏ போன்ற மென்மை வேண்டுமானால் அனலாக் அப்செஷனின் லாலா. இரண்டும் இலவசம். எல்ஏ-2ஏ என்பது 1960-களில் வந்த ஆப்டிகல் கம்ப்ரஸர். உள்ளே ஒரு விளக்கும் ஒளி உணரும் செல்லும் இருக்கும். குறைத்த ஒலியில் பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விடுவித்துவிட்டு மீதியைச் சாவகாசமாக விடும். நீண்ட ஸ்வரங்கள் நிறைந்த மெதுவான பாட்டில், சர்ச் பாட்டுகளில் முக்கியமாக, பேஸ் இதில் வழுவழுப்பாக உட்காரும். துள்ளல் பாட்டில் பின்தங்கும்.

1967-இல் வந்த 1176 என்ற கம்ப்ரஸர் வேறு ரகம். அதன் நகல்கள் பிளக்-இன்களாக நிறையக் கிடைக்கின்றன. அதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ விநாடி. மிக மெதுவான நிலைகூட ஒரு மில்லி விநாடிக்குள்தான். தவிர, அதன் குமிழ் எண்கள் தலைகீழ்: 7 என்பது வேகம், 1 என்பது மெதுவு. பேஸுக்கு அட்டாக்கை 1-இன் பக்கம் வையுங்கள். தெரியாமல் 7-க்குத் திருப்பிவிட்டு 'டக்' ஓசை எங்கே போனது என்று தேடுகிறவர்கள் அநேகம். கட்டைவிரலால் ஓங்கி அடித்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கு இந்த வேகம் உதவும். முதலில் 1176 வகையில் உச்சிகளை மட்டும் 2, 3 டெசிபல் பிடித்து, அடுத்து ஆப்டிகல் வகையில் இன்னொரு 3 டெசிபல் குறைத்தால், ஒரே கம்ப்ரஸரில் 6 டெசிபல் குறைப்பதைவிட இயல்பாக இருக்கும்.

வாசிக்கும்போதே கம்ப்ரஸ் ஆன ஒலி காதில் விழ வேண்டும் என்று சிலர் பெடல் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான், விரலின் அழுத்தம் அதற்கேற்ப மாறும். அதையும் பிளக்-இன்னில் செய்யலாம். கணினி வழியாகப் போகாமல் ஒலியை நேராகக் காதுக்குத் தரும் 'டைரக்ட் மானிட்டர்' சுவிட்சை இன்டர்ஃபேஸில் அணைத்து, மென்பொருள் வழியாகக் கேளுங்கள். கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் அளவை 128 சாம்பிளில் வைத்தால் 48 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு பக்கத் தாமதம் 2.7 மில்லி விநாடிதான். பழைய லேப்டாப்பில் படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள். பதிவாவது சுத்தமான ஒலி, காதில் விழுவது கம்ப்ரஸ் ஆனது.

இரைச்சலைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் இதுதான் பெரிய தலைவலி. கம்ப்ரஸர் பலத்ததை 6 டெசிபல் குறைத்து, நீங்கள் மேக்கப்பில் 6 டெசிபல் ஏற்றினால், ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலும் 6 டெசிபல் ஏறும், அதாவது இரு மடங்காகும். கம்ப்ரஸர் இரைச்சலை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வெளிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த்தையும் சந்தேகியுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பல இடங்களில் தரை பாறை. கோடையில் காய்ந்துபோன பாறை மண்ணில் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து, 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றிய பிறகு இரைச்சல் குறைகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனை. இரைச்சல் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் கை. கருவியில் கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து.

எர்த் சரியாக இருந்தும் இரைச்சல் என்றால் அறையைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் விளக்கு இரண்டையும் அணையுங்கள். பவர் கட் நேரத்தில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பதிவு செய்ய வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் மேலே வரை 'ஜிர்ர்' என்று இழுக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஜாஸ் பேஸ் வகை கிட்டாரில் இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் குறைத்தால் திரும்பி வரும்.

"கம்ப்ரஸர் போட்டும் போனில் பேஸே கேட்கவில்லை" என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. கேட்காதுதான். பெரும்பாலான போன் ஸ்பீக்கர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதில்லை. 41 ஹெர்ட்ஸை எவ்வளவு சமப்படுத்தினாலும் அங்கே போய்ச் சேராது. கம்ப்ரஸருக்குப் பிறகு ஒலியில் மேல் அலைகளைச் சேர்க்கும் சாச்சுரேஷன் பிளக்-இன் ஒன்றை லேசாகப் போட்டு, 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் பகுதியை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். பேஸின் மேல் அலைகள் கேட்கும், காது கீழ் ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டி வேண்டும், மேடையிலும் பயன்படும் என்றால் பெடல் வாங்குங்கள். அதில் கெயின் ரிடக்ஷன் காட்டும் விளக்கு இருக்கிறதா, ரேஷியோவும் ரிலீஸும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்எக்ஸ்ஆர் எம்87-இல் அட்டாக், ரிலீஸ், ரேஷியோ, இன்புட், அவுட்புட் என ஐந்து குமிழும் குறைப்பைக் காட்டும் எல்இடி வரிசையும் உண்டு. பாஸ் பிசி-1எக்ஸில் த்ரெஷோல்ட், ரேஷியோ, ரிலீஸ், லெவல். அட்டாக் குமிழ் கிடையாது, ஆனால் குறைப்பைக் காட்டும் விளக்கு இருக்கிறது. இரண்டும் நம் ஊரில் ஐந்து இலக்க விலைதான். பேஸுக்கென்றே செய்த நல்ல பெடல் இதைவிட மலிவாக வேண்டுமானால் டிசி எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் ஒரே குமிழில் வேலை செய்யும். கற்றுக்கொள்ள உதவாது, வாசிக்க உதவும். அவுட்புட், சென்சிட்டிவிட்டி என்று இரண்டே குமிழ் உள்ள பழைய டைனா காம்ப் வகை மலிவு நகல்களை பேஸ் பதிவுக்கு வாங்காதீர்கள். என்ன நடக்கிறது என்றே அதில் தெரியாது. பெடலுக்கு 9 வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டர், நடு முனை நெகட்டிவ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரெகுலேட்டட் இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் 9 என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்.

டிபிஎக்ஸ் 266எக்ஸ்எஸ் போன்ற ரேக் பெட்டி வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அது லைன் அளவு ஒலிக்குச் செய்தது, கிட்டாரை நேராகச் செருக முடியாது. நடுவில் டிஐ (கிட்டார் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக்கும் பெட்டி), பிரீ-ஆம்ப் (ஒலியை லைன் அளவுக்கு ஏற்றுவது) வேண்டும். பதிவுக்குப் பிறகு பயன்படுத்துவதானால் இன்டர்ஃபேஸில் ஸ்பீக்கருக்குப் போவது தவிர இன்னும் ஒரு அவுட்புட்டும் ஒரு லைன் இன்புட்டும் வேண்டும். இரண்டு அவுட்புட் மட்டும் உள்ள சின்ன இன்டர்ஃபேஸில் இது திண்டாட்டம். ரேக் பெட்டியில் உள்ள, மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கேட் பகுதியை அணைக்க மறந்தால் நீண்ட ஸ்வரங்களின் வாலை அது வெட்டிவிடும்.

பெங்களூரிலோ சேலத்திலோ பழைய பெட்டியை வாங்குகிறவர்கள் பின்பக்கம் 115, 230 என்று வோல்டேஜ் குறிப்பைப் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 115-இல் இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஃபியூஸ் போகும், டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். எல்லாக் குமிழையும் முழுச் சுற்று திருப்பிக் கேளுங்கள். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மீட்டர் விளக்கு எரியாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

மிக்ஸிங்குக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறவர்கள், கம்ப்ரஸர் போடாத பேஸை 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகவும், நீங்கள் கம்ப்ரஸர் போட்டதைத் தனிக் கோப்பாகவும், இரண்டும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி அனுப்புங்கள். டெம்போவையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு ஒலிப்பதிவில் அக்கறை கொண்ட வாசகர்,
தருமபுரி.